அரை மாத்திரை

மஜீதாவை அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்கு வைத்தது படிப்பதற்கு மட்டும்தான். முதல் நாளே அடைக்கலராஜ் அதைச் சொல்லிவிட்டார்.

"புரோகிராம் எழுதறதெல்லாம் அழகிரி பாத்துக்குவான். நீங்க அரபு சரியா வந்திருக்கான்னு படிச்சுப் பாத்து டிக் அடிச்சாப் போதும்."

பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்து, சர்ட்டிஃபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள் மஜீதா. அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய அத்தா அரபுக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர், பெண் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே இலக்கணம்வரை சொல்லிக் கொடுத்திருந்தார் என்பதுதான் அடைக்கலராஜுக்கு வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வயதில் கிடைத்த முதல் வேலை. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு "சரிங்க சார்" என்றாள்.

அது எண்பத்தெட்டாம் வருஷம், தை மாதம். சென்டர் மலைக்கோட்டைக்குக் கீழே நந்தி கோயில் தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், கர்ரென்று இழுத்து அடிக்கும் ஒரு பிரிண்டர், அவற்றுக்காகவே ஒரு ஏ.சி. ஷார்ஜாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் அச்சடிக்க ஆசைப்பட்டது. சீட்டில் அரபும் இங்கிலீஷும் ஒரே வரியில் கலந்து வரவேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகள் சொன்ன விலைக்குப் பயந்து, அந்த ஆஸ்பத்திரியின் ஸ்டோர்ஸ் மேனேஜர் ஸ்தனிஸ்லாஸ் தன் சொந்த ஊரில் தெரிந்தவரான அடைக்கலராஜுக்கு அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்திருந்தார்.

அழகிரி ஸ்ரீரங்கத்துப் பையன். இருபத்தைந்து வயது, கெட்டிக்காரன், மஜீதாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அரபு எழுத்துக்கான சிப் ஒன்றை பம்பாயிலிருந்து வரவழைத்துக் கம்ப்யூட்டரில் பொருத்தியிருந்தார்கள். எழுத்து திரையில் வந்துவிட்டது. ஆனால் அந்த மெஷினுக்கு இடமிருந்து வலமாகப் போகத்தான் தெரியும். அரபு வலமிருந்து இடமாகப் போகிற எழுத்து. அழகிரி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். வரி முழுவதையும் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை அப்படியே திருப்பிப் போட்டுவிடுவது.

மஜீதா முதல் தாளைப் படித்தாள். அரபு சரியாக இருந்தது. ஆனால் 250 என்று இருக்க வேண்டிய இடத்தில் 052 என்று இருந்தது. மருந்தின் இங்கிலீஷ் பெயர் வாலிலிருந்து தலைக்குப் போயிருந்தது.

"அழகிரி, அரபுல எழுத்துதான் வலமிருந்து வரும். எண்ணு வராது. எண்ணை நாம எழுதற மாதிரிதான் அவங்களும் எழுதுவாங்க. பேனா வலப்பக்கத்துலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கும், எண்ணு வந்துட்டா கொஞ்சம் இடம் விட்டுத் தாண்டி, அங்கேர்ந்து திரும்பி இடமிருந்து வலமா எண்ணை எழுதிட்டு, மறுபடி அந்தப் பக்கம் தாண்டிப் போயிடும்."

"ஐயோ, இதை மொதல்லயே சொல்லலையே அக்கா!" என்று சிரித்தான் அவன். ஒரு வாரத்தில் எண்களையும் இங்கிலீஷ் சொற்களையும் மட்டும் தேடி மறுபடி திருப்பிவிடும்படி செய்துவிட்டான். அடைக்கலராஜ் தெப்பக்குளம் பக்கத்திலிருந்து ஜாங்கிரி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். அழகிரியின் முதுகில் தட்டினார். மஜீதாவிடம், "நீங்களும் எடுத்துக்கங்க" என்றார்.

சித்திரை பிறந்த பிறகுதான் அவள் இன்னொரு தப்பைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கையால் எழுதின பழைய சீட்டுகள் நாற்பதை மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்சடித்து, மூலத்தோடு ஒப்பிடுவதுதான் மஜீதாவின் வேலை. ஒன்பதாவது சீட்டு இதய நோய்க்கான மாத்திரை. தினம் அரை மாத்திரை என்பதற்கு 1/2 என்று எழுதியிருந்தது. அச்சில் 2/1 என்று வந்திருந்தது.

டைப் அடித்ததில் தப்போ என்று மறுபடி அடித்துப் பார்த்தாள். மறுபடியும் 2/1. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அழகிரியின் புரோகிராம் ஒன்று என்பதை ஒரு எண்ணாகவும், இரண்டு என்பதை வேறொரு எண்ணாகவும், நடுவில் இருக்கும் சாய்ந்த கோட்டை அரபு வரியைச் சேர்ந்ததாகவும் எடுத்துக்கொண்டிருந்தது. எண்கள் இரண்டும் தனித்தனியாகச் சரியாக இருந்தன. நிற்கிற இடம்தான் மாறிப்போயிருந்தது. நாற்பது சீட்டில் பதினொன்றில் இந்த அரை இருந்தது. பதினொன்றும் புரண்டிருந்தன.

சிவப்புப் பேனாவால் பதினொன்றையும் வட்டம் போட்டு அழகிரியிடம் கொடுத்தாள். அவன் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. "சார்கிட்ட பேசிக்கங்க அக்கா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அடைக்கலராஜ் தாளை மேலோட்டமாகப் பார்த்தார். "ஒரு கோடுதானேம்மா. அடுத்த வியாழக்கிழமை ஸ்தனிஸ்லாஸ் சார் ஷார்ஜாலேர்ந்து வரார், டெமோ காட்டணும். இப்பப் போய்க் கைய வச்சா மத்ததெல்லாம் கெட்டுப்போகும். அரைன்னு எழுத்துலயே போட்டுக்கலாம்."

"எண்ணுலதான் வேணும்னு ஆஸ்பத்திரியே எழுதியிருக்காங்க சார். மாத்திரை வாங்கறவங்கள்ல பாதிப் பேரு நம்ம ஊருலேர்ந்து போனவங்க. அரபும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எண்ணை மட்டும்தான் பாப்பாங்க."

"மஜீதாம்மா, உங்கள வச்சிருக்கறது எழுத்தைப் படிக்க. எழுத்து சரியா இருக்குல்ல? டிக் அடிங்க."

அவள் டிக் அடிக்கவில்லை. அச்சடித்த தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மஜீதாவின் புருஷன் சேக் மைதீன் பாலக்கரையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஒன்பது வருஷமாக வேலை பார்ப்பவர். அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போனாள். தாளைக் கௌண்டரில் விரித்து, ஒன்பதாவது சீட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இதுக்கு என்ன கொடுப்பீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மருந்தின் பெயரைப் படித்தார். பிறகு எண்ணைப் பார்த்தார். "ரெண்டு மாத்திரை, ஒரு வேளை" என்றார். சொல்லிவிட்டு மறுபடி குனிந்து மருந்தின் பெயரைப் பார்த்தார். "இதுல ரெண்டா? இதுல அரைதானே கொடுப்பாங்க. இதயத் துடிப்புக்கு இல்ல இது? எந்த டாக்டர் எழுதினான்?"

"டாக்டர் எழுதல. எங்க ஆபீஸ்ல எழுதினாங்க."

அவரிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது. மருந்து வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவர், "மெதுவா, மெதுவா" என்றார். அந்த வார்த்தையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவள் ஒரு தாளில் விதிகளை எழுதினாள். மனுஷன் சொல்லுகிற வரிசையிலேயே கம்ப்யூட்டர் மனசில் வைத்துக்கொள்ளட்டும், கண்ணுக்குக் காட்டும்போது மட்டும் இடம் மாற்றினால் போதும் என்று ஆரம்பித்தாள். இரண்டு எண்ணுக்கு நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரு குறி வந்தால் மூன்றும் சேர்ந்து ஒரே துண்டு. இங்கிலீஷ் பெயரை ஒட்டி வருகிற எண் அந்தப் பெயரோடுதான் போகும், அரபோடு போகாது. அடைப்புக்குறிகள் அரபு வரியில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பதினேழு விதி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்த நாற்பது சீட்டிலிருந்தே உதாரணம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனாள். அழகிரியின் வீடு அம்மா மண்டபம் ரோட்டில் இருந்தது. அவனுடைய அப்பா ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கடை திறக்கப் போயிருந்தார். அழகிரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து அவளைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"வாங்கக்கா, உக்காருங்க. காபி—"

"காபி வேணாம். இதைப் படி."

அவன் படித்தான். நின்றுகொண்டே இரண்டு பக்கத்தையும் படித்தான். நாலாவது விதிக்கு வந்தபோது அவன் உதடு அசைந்தது. அவனுக்கு அது பிடித்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"இது சரியா வரும்" என்றான் மெதுவாக. "நாலு நாள் வேலை. ஆனா பழைய புரோகிராம்ல ஒட்டுப் போட முடியாது. அடியிலேர்ந்து வேற எழுதணும்."

"எழுது."

அவன் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"அழகிரி, உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா." அவன் தலை குனிந்தது. "மாசி மாசமே பாத்துட்டேன். சார்கிட்ட சொன்னேன். தொடாதேன்னாரு. ஷார்ஜாவுக்குப் போய் மெஷின்ல போட்டுக் கொடுக்க என்னைத்தான் அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாச்சு. இப்பத் தப்பு இருக்குன்னு தெரிஞ்சா எல்லாம் தள்ளிப்போகும்."

"தெரிஞ்சுக்கிட்டே என்னைப் படிக்கச் சொன்னே. ஒவ்வொரு தாளா, ரெண்டு மாசமா. நான் கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சியா, கண்டுபிடிச்சாலும் வாயைத் திறக்க மாட்டேன்னு நெனச்சியா?"

"அக்கா, அங்க நர்ஸுங்க இருப்பாங்க, டாக்டருங்க இருப்பாங்க—"

"உங்க அப்பாவுக்கு அரை மாத்திரை எழுதிக் கொடுத்து, சீட்டுல ரெண்டுன்னு இருந்தா, நர்ஸு பாத்துக்குவாங்கன்னு விட்டுருவியா?"

உள்ளேயிருந்து அவனுடைய அம்மா எட்டிப் பார்த்தாள். மஜீதா தாளை அங்கேயே மேஜை மேல் போட்டுவிட்டு வெளியே வந்தாள். காவிரியில் அரைத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் பாலத்தைக் கடக்கும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் முதல் புதன்வரை அழகிரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புரோகிராமையும் தொடவில்லை. புதன்கிழமை அடைக்கலராஜ் ஒரு படிவத்தை அவள் முன் வைத்தார். அரபு எழுத்தும் எண்களும் முழுக்கச் சரிபார்க்கப்பட்டன என்று இங்கிலீஷில் அடித்திருந்தது. கீழே அவள் பெயர்.

"எழுத்துன்னு மட்டும் இருந்தாக் கையெழுத்துப் போடறேன் சார். எண்களும்னு இருக்கு. போட மாட்டேன்."

"போடலைன்னா நாளைக்கு நீங்க வரவேண்டியதில்ல."

"வருவேன்" என்றாள் மஜீதா.

வந்தாள். ஸ்தனிஸ்லாஸ் மேலப்புதூர்க்காரர். பதினைந்து வருஷமாக ஷார்ஜாவில் இருப்பவர், நல்ல சட்டை, நல்ல வாசனை. அடைக்கலராஜ் அவரைக் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார வைத்து, மஜீதாவிடம், "பிஸ்கட் தட்டை எடுத்துட்டு வாங்க" என்றார். அவள் அசையவில்லை. கடைசியில் அவரே போய் எடுத்து வந்தார்.

அழகிரி ஐந்து சீட்டு அடித்துக் காட்டினான். ஐந்திலும் முழு மாத்திரைகள்தான். ஸ்தனிஸ்லாஸுக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்ப்பா. லண்டன்காரன் ரெண்டு வருஷம் ஆகும்னான். சரிபார்த்த பேப்பர் ரெடியா? எங்க சீஃப் பார்மசிஸ்ட் அது இல்லாம ஒத்துக்க மாட்டாரு."

அடைக்கலராஜ் ஃபைலைத் திறந்து கொடுத்தார். மஜீதா எட்டிப் பார்த்தாள். அதே படிவம். கீழே எம். மஜீதா என்று நீல மையில் கையெழுத்து.

 அவள் ஃபைலின் மேல் கையை வைத்தாள்.

"சார், அது என் கையெழுத்து இல்ல."

ஸ்தனிஸ்லாஸ் நிமிர்ந்தார். அடைக்கலராஜ் சிரிக்கப் பார்த்தார். "அவங்களுக்கு நேத்துலேர்ந்து உடம்பு சரியில்ல—"

"எனக்கு உடம்பு நல்லா இருக்கு. எழுந்திரு அழகிரி."

அவன் எழுந்துவிட்டான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மஜீதா உட்கார்ந்து ஒன்பதாவது சீட்டை அடித்தாள். பொத்தானை அழுத்தினாள். திரையில் வரி புரண்டு வந்து நின்றது.

"அரை மாத்திரைன்னு அடிச்சேன் சார். என்ன வந்திருக்கு, படிங்க."

ஸ்தனிஸ்லாஸ் வெகுநேரம் பார்த்தார். பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அவர் எழுந்து கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் அடைக்கலராஜ் பக்கம் திரும்பினார்.

"இதை அங்க வந்து சரி பண்ணிக்கலாம்ல? அடுத்த வாரம் பையனுக்கு டிக்கெட் போட்டாச்சு. போர்டுல மே மாசம்னு சொல்லிட்டேன். எனக்கும் மேல ஆளு இருக்கு."

"தாராளமா பண்ணிக்கலாம் சார்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். அவர்கள் வேறு பேச ஆரம்பித்துவிட்டார்கள். மஜீதா அழகிரியைப் பார்த்தாள். அவன் பிரிண்டரில் தாள் சிக்கியிருப்பதுபோல் அதையே நோண்டிக்கொண்டிருந்தான். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் அடைக்கலராஜின் குரல், இனிமேல் வரவேண்டாம் என்று சொன்னது.

வீட்டுக்கு வந்த கையோடு ஆஸ்பத்திரியின் தலைமை மருந்தாளுநருக்கு அரபில் ஒரு கடிதம் எழுதினாள். கையெழுத்துப் பொய் என்று எழுதினாள். பதினொரு சீட்டின் எண்ணையும் எழுதி, அச்சடித்த தாளையும் வைத்தாள். சேக் மைதீன் சாயங்காலம் வந்து அதைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அவங்க போலீஸுக்கு, கோர்ட்டுக்குன்னு போனா நாம என்ன பண்றது? ரெண்டு நாள் பொறு மஜீதா. அந்தப் பையன் அங்க போய்ச் சரி பண்ணிட்டா விஷயம் முடிஞ்சுது. நாம எதுக்குப் பகையாளியாகணும்?"

அவள் பொறுத்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். கடிதம் குர்ஆனை விரித்து வைக்கும் ரெஹால் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் அது கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை காலை புருஷனிடம் சொல்லிக்கொள்ளாமல் தலைமைத் தபால் ஆபீஸுக்குப் போய் ஏர் மெயிலில் ரிஜிஸ்தர் பண்ணிவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மத்தியானம் வாசலில் அழகிரி வந்து நின்றான். இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"உன்கிட்ட எனக்கு என்ன பேச்சு இருக்கு?"

"பேச வேணாம்க்கா. கேட்டா மட்டும் போதும்."

வாசலிலேயே நின்று சொன்னான். ஷார்ஜாவில் போய் இறங்கின மூன்றாம் நாள், புதன்கிழமை, மெஷினை ஓட விட்டார்கள். சரி செய்ய அவன் நேரம் கேட்டபோது ஸ்தனிஸ்லாஸ், முதலில் ஓடட்டும் என்றார். மருந்து கொடுப்பவர்கள் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சரிபார்த்த பேப்பரில் கையெழுத்து இருந்ததே, அது போதும் என்று இருந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு ஆள் சமையல்கட்டில் விழுந்துவிட்டான் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பேச ஆள் வேண்டும் என்று அழகிரியைக் கூப்பிட்டார்கள்.

"பேரு வீரமலை. பச்சமலை அடிவாரத்துக்காரரு. ஒரு கம்பெனி கேம்ப்ல சமையல் பண்றாரு. ஐம்பது வயசு இருக்கும். நாடி ரொம்பக் குறைஞ்சு கிடந்தாரு. என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். 'எனக்கு எழுத்து தெரியாது தம்பி, எண்ணு தெரியும். ரெண்டுன்னு போட்டிருந்துச்சு, ரெண்டு போட்டேன், மூணு நாளும் தவறாம போட்டேன்'னாரு." அழகிரி தாடியைத் தேய்த்துக்கொண்டான். "என் கையப் புடிச்சுக்கிட்டு, எந்த ஊரு தம்பி நீயின்னு கேட்டாருக்கா. திருச்சின்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. பன்னெண்டு நாள் வச்சிருந்து ஊருக்கு அனுப்பிட்டாங்க. உங்க லெட்டர் அவரு விழுந்த மறுநாளே, சனிக்கிழமை வந்துச்சு. அதைப் படிச்சதும் பார்மசிஸ்ட் மெஷினை நிறுத்திட்டாரு."

மஜீதா கணக்குப் போட்டாள். அவளுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமையே போட்டிருந்தால் கடிதம் மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன்பே போயிருக்கும். நாலு நாள். நாலு நாள் அது ரெஹாலுக்குப் பக்கத்தில் இருந்தது. அழகிரியைத் திட்ட வாயெடுத்தவள் கதவுச் சட்டத்தைக் கையால் ஓங்கி அறைந்தாள். கை எரிந்தது.

"இப்ப எதுக்கு வந்தே?"

"ஆஸ்பத்திரியில ஒரே வார்த்தைதான் சொல்றாங்க. லெட்டர் எழுதினவங்க சரி பண்ணி, அவங்களே கையெழுத்துப் போட்டுத் தரணும்னு. இல்லைன்னா கேஸ். சார் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"உங்க சார் மூழ்கட்டும்" என்றாள். கதவைச் சாத்தப் போனாள். பாதி சாத்திவிட்டு நின்றாள். அவள் செய்யாவிட்டால் வேறு எவனோ செய்வான். அவனும் இப்படித்தான் ஒரு கோடுதானே என்பான்.

"புரோகிராமை நான் எழுதறேன். நீ டைப் அடிக்கக்கூட வேணாம், பக்கத்துல உக்காந்து பாரு. எழுதி முடிச்சதும் உங்க சார் எனக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதணும். அதைச் சொல்லிட்டு வா."

ஒன்பது நாள் எழுதினாள். அவள் பதினேழு விதி என்று நினைத்தது இருபத்தி மூன்றாக ஆனது. தேதிகள் தகராறு செய்தன. இரண்டு முதல் மூன்று என்பதற்கு நடுவில் போடும் சின்னக் கோடு ஒருநாள் முழுவதும் அழ வைத்தது. அழகிரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். ஒரு தடவை, அவள் விட்டுப்போன இடம் ஒன்றைக் காட்டினான். "சரி" என்று திருத்திக்கொண்டாள். வேறு பேச்சு இல்லை. நாற்பது சீட்டையும், அதுபோல் தானே இட்டுக்கட்டிய நூறையும் அச்சடித்து, ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் படிவத்தில் தன் கையால் கையெழுத்துப் போட்டாள்.

அடைக்கலராஜ் கடிதத்தை ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார். மஜீதா வாங்கிப் படித்தாள். "சரிபார்த்த படிவத்தில் ஏற்பட்ட ஒரு குழப்பத்தினால்" என்று இருந்தது. திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"குழப்பம் எதுவும் ஏற்படல. என் பேரை நீங்க எழுதினீங்க. அப்படியே எழுதுங்க."

"மஜீதாம்மா, இது வெளிநாட்டு விஷயம். என் பேரு கெட்டுப்போகும். நாளையிலேர்ந்து உங்களைப் புரோகிராமராவே வச்சுக்கறேன், என்ன சொல்றீங்க? பழசெல்லாம் எதுக்கு?"

"என் பேரை நம்பித்தான் சார் அவங்க ஒப்பிட்டுப் பாக்காம விட்டாங்க. அந்த ஆளு விழுந்தது என் பேர்ல. எழுதுங்க. கையாலேயே எழுதுங்க, நான் இருக்கேன்."

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் அவருக்கு வேர்த்தது. எழுதினார். மஜீதாவின் கையெழுத்தை நானே போட்டேன் என்ற வரிக்கு வந்தபோது பேனா நின்றது. அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்தார். அவள் வாங்கி இரண்டு தடவை படித்து, உறையில் போட்டு ஒட்டினாள்.

"இப்பவாவது கோபம் போச்சா?" என்றார் அடைக்கலராஜ்.

"இல்ல சார்" என்றாள் அவள். "நாளைக்கு நான் வரல."

படியில் அவள் பாதி இறங்கியிருந்தபோது அழகிரி பின்னாலேயே ஓடி வந்தான். கீழே ஜவுளிக்கடையில் புடவைகளை உதறிப் போடும் சத்தம் கேட்டது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வீரமலையைப் பாக்கப் போறேன். துறையூர் போய், அங்கேர்ந்து மலையடிவாரத்துக்கு ஒரு பஸ் இருக்காம். நீங்களும் வர்றீங்களா?"

"போய் அவர்கிட்ட என்ன சொல்லப்போறே?"

"உடம்பு எப்படி இருக்குன்னு…" அவன் நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். "தப்பு என்னுதுன்னு. எனக்கு முன்னாடியே தெரியும்னு."

"அவரு அடிச்சாலும் அடிப்பாரு."

"அடிக்கட்டும்."

"அப்ப வரேன்" என்றாள் மஜீதா. "நீ சொல்லு. நானும் நாலு நாள் கடுதாசியைப் போடாம வச்சிருந்தேன்னு என் பங்கைச் சொல்லணும். காலைல ஆறு மணிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நில்லு. வரலைன்னா வீட்டுக்கே வந்துருவேன்."

முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, உறையைக் கையில் பிடித்தபடி தெருவில் இறங்கி நடந்தாள்.